ஜத்மிகோவின் இலை

"இந்த வைரஸ் உயிரோட இருக்கா, செத்ததா? ஒரே வார்த்தையில சொல்லு," என்று ஜத்மிகோ கேட்டான்.

"ஒரே வார்த்தையில சொல்ற விஷயமில்ல மஸ்," என்றாள் வெனிங், வயதில் மூத்தவனை அழைக்கும் ஜாவா வழக்கப்படி. "சாப்பிடாது. மூச்சு விடாது. வளராது. தானா ஒரு இம்மி நகராது."

"அப்போ செத்தது."

"சாகவும் தெரியாது அதுக்கு. ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நூல். அந்த நூல் முழுக்க எழுதியிருக்கிறது ஒரே உத்தரவுதான், என்னை மாதிரி இன்னும் பண்ணுன்னு. நூலைச் சுத்தி ஒரு புரதச் சட்டை. மொத்த உடம்பே அவ்வளவுதான். இலையில ஒரு கீறல் கிடைச்சா உள்ள போகும். போனதும் சட்டையைக் கழட்டிப் போட்டுடும். அப்புறம் அந்தச் செடியோட அடுப்பு, அந்தச் செடியோட அரிசி, அந்தச் செடியோட வேலையாளுங்க, எல்லாத்தையும் வச்சே தன்னைப் பிரதி எடுக்க வச்சிடும்."

"எங்கப்பா மாதிரின்னு சொல்லு. யார் வீட்டுக்குப் போனாலும் நேரா அடுப்படியில போய் உட்காருவாரு. கிளம்புறதுக்குள்ள தனக்குப் பிடிச்சதைச் சமைக்க வச்சிடுவாரு."

வெனிங் சிரித்துவிட்டாள். யோக்யகர்த்தா கல்லூரியின் கண்ணாடிக் கொட்டகையில், நோய் பிடித்த புகையிலைத் தொட்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பென்சிலால் வரைந்திருந்த நீளக் குச்சி போன்ற படத்தை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க ஊர்ல சுத்துற சுருட்டு மாதிரியே இருக்கே. மேல தாள், உள்ள சரக்கு."

"சுருட்டுல சரக்கு நடுவுல இருக்கும். இதுல நடுவுல வெறும் ஓட்டைதான். நூல் அந்தப் புரதத்துக்குள்ளயே சுருள் சுருளாப் பதிஞ்சு போயிருக்கும். அதான் அவ்வளவு உறுதி. காய்ஞ்ச இலையில ஐம்பது வருஷம் கழிச்சும் அப்படியே இருந்துதுன்னு எழுதி வச்சிருக்காங்க."

"ஐம்பது வருஷமா," என்றான் ஜத்மிகோ. "நம்மளைவிட விசுவாசமா இருக்கும் போல."

அந்த 'நம்மளை' எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அவனும் ஒன்றுமே சொல்லாதவன்போல அடுத்த தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தான். மறு வருஷம் அவனுடைய அப்பாவும் அம்மாவும் சீர்த்தட்டுகளோடு அவள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோதுதான் அவளுக்குப் பதில் கிடைத்தது.

இந்த வருஷம் நாற்றுப் பிடுங்கும் நாளன்று, சும்பிங் மலைச்சரிவில் மாமனாரின் நாற்றங்கால் ஓரம் நின்றுகொண்டிருந்தபோது வெனிங்குக்கு அந்தப் பேச்சு முழுதாக நினைவுக்கு வந்தது. ஜத்மிகோ இறந்து நான்காவது நடவு இது.

அவனைக் கொண்டுபோனது வேறொரு வைரஸ். உள்ளே அதே மாதிரி ஓர் ஆர்.என்.ஏ. நூல்தான், ஆனால் மேலே கொழுப்பாலான மெல்லிய போர்வை. சோப்பு பட்டால் கரைந்து போகிற போர்வை. அவ்வளவு தொட்டாற்சுருங்கியான ஒன்று, முப்பத்தோரு வயது ஆளை ஆஸ்பத்திரி நடைபாதையில் படுக்கவைத்து முடித்துவிட்டது. வெள்ளை அங்கி போட்டவர்கள் நேராக இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் இருந்தவர்கள் தெருமுனையிலிருந்து பார்த்தார்கள்.

அன்றைக்கே அவனுடைய சாமான்களை எரித்துவிடச் சொன்னார்கள். மாமியார் இபு முர்சியா மெத்தையை எரித்தாள், லுங்கிகளை எரித்தாள், தொழுகைத் தொப்பியைக்கூட எரித்தாள். சோப்பு நீரில் முக்கி வெயிலில் போட்டாலே போதும் என்று வெனிங்குக்குத் தெரியும். அதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்தியவள் அவள். ஆனால் அந்த நேரத்தில் வாய் திறக்கத் திராணி இல்லை. எல்லாம் சாம்பலான பிறகுதான், ஒரு சட்டையையாவது பிடுங்கி வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

எரியாமல் தப்பியது ஒரே ஒரு கூடை. ஜத்மிகோ கடைசியாக அறுத்து, சீவி, மூங்கில் தட்டுகளில் பரப்பிக் காயவைத்த புகையிலை. வாழைச்சருகு வைத்துக் கட்டிய அந்தக் கூடை பரணில் இருந்தது. மாமனார் வாகிரான் அதை விற்கவில்லை. ஏழாம் நாள் ஓதலுக்கு வீட்டு மனிதர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தபோது அவர் பரணில் ஏறி, கூடையின் வாயைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து வந்தார். கிராம்பும் சாம்பிராணித் துணுக்கும் வைத்து மெதுவாகச் சுற்றிப் பற்றவைத்தார். அந்த வாசனை கூடத்தைக் கடந்து அவளிடம் வந்தது. அறுவடைக் காலத்தில் அவன் கழுத்தில், உள்ளங்கையில், தலையணையில் இருந்த அதே வாசனை.

எனக்கும் ஒரு பிடி குடுங்க பாபக் என்று அவளுக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. மருமகள் மாமனாரிடம் புகையிலை கேட்பதா என்று ஒரு கூச்சம். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் மிச்சம் இருப்பதிலும் பங்கு கேட்பதா என்று அதைவிடப் பெரிய கூச்சம். இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

அடுத்து வந்த பயிரில் தேமல் விழுந்தது, கல்லூரித் தொட்டிகளில் இருந்த அதே நோய். இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக, தோலில் தேமல் படர்வதைப் போலவே படரும். இலை குறுகி, கொப்புளித்து, சாரமில்லாமல் போகும். அந்த வருஷம் சில வரிசைகள். அதற்கடுத்த வருஷம் பாதி நிலம். சுற்றி இருந்த தோட்டங்களில் அங்கங்கே இருந்ததே தவிர இவ்வளவு இல்லை.

சென்ற வருஷம்தான் வெனிங்குக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் மாமனார் சந்தைக்குப் போயிருந்த நேரம் பரணில் ஏறி, கூடையில் கைவிட்டு ஒரு சிட்டிகை திருடினாள். பள்ளிக்கூட வேலியோரம் ஊமத்தை இருந்தது. சிட்டிகை இலையை நீர்விட்டு அரைத்து, ஊமத்தை இலைமேல் தேய்த்து வைத்தாள். நோய் அதில் இருந்தால் ஊமத்தை தன் இலையில் அந்த இடத்தை மட்டும் சாகவிட்டுத் தடுத்து நிறுத்திவிடும். அந்த வாரமே புள்ளி புள்ளியாகப் பழுப்பு விழுந்தது, யாரோ ஊதுபத்தி நுனியால் சுட்டதுபோல.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஜத்மிகோவின் கடைசிப் பயிரிலேயே எங்கோ சில செடிகளில் தேமல் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குச்சிகள் காய்ந்த இலையில் அப்படியே கிடக்கின்றன. மாமனார் அந்த இலையைக் கையால் எடுத்துச் சுற்றுகிறார். அதே விரல்களால் நாற்றைப் பிடுங்குகிறார், நடுகிறார், நுனி கிள்ளுகிறார், பக்கக் கிளை ஒடிக்கிறார். மகன் வளர்த்த இலையிலிருந்து நோயை எடுத்து, ஒவ்வொரு செடிக்கும் தன் கையாலேயே ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

ஊமத்தை இலை முன்னால் நின்றபோது இன்னொன்றும் உறைத்தது. திருடிய சிட்டிகை முழுவதையும் அரைத்துவிட்டாள். மோந்து பார்க்க ஒரு துணுக்குகூட மிச்சம் இல்லை.

அதற்கப்புறம் கேட்க வேண்டியது வேறாகிவிட்டது. அந்தக் கூடையை எரித்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும். நோய்களைப் படித்தவள் அவள் ஒருத்திதான், அவள்தான் சொல்ல வேண்டும். ஆனால் எரிக்கச் சொல்லிவிட்டால், எனக்கும் ஒரு பிடி என்று ஒருநாளும் கேட்க முடியாது. ஒரு பிடி கேட்டுவிட்டால், எரியுங்கள் என்று சொல்ல முகம் இருக்காது. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பதிலாக, இந்த வருஷம் நாற்றுப் பிடுங்கும் நாளுக்குப் பால்பவுடர் வாங்கி வந்து வாளியில் கரைத்து வைத்தாள்.

"அடேயப்பா," என்றாள் பக்கத்துத் தோட்டத்து யூ தார்மி. நாற்றுக்கு உதவிக்கு வந்தவள், ஊருக்கே யூ, அதாவது அக்கா. "பால்ல கை கழுவுற வீட்டுல வேலை செய்யக் குடுத்து வச்சிருக்கணும். வெளுக்குமா நிங்? வெளுக்கும்னா சொல்லு, எங்க வீட்டுக்காரனைக் கூட்டிட்டு வந்து தலைகீழா முக்கறேன்."

"அவனை முக்கினா பால்தான் கறுத்துப் போகும்," என்றாள் இபு முர்சியா. "சும்மா கையை நனை. பிள்ளை சொன்னா காரணம் இருக்கும்."

"எதுக்குப் பாலைப் பாழாக்கணும். என்கிட்ட இது இருக்கே." தார்மி இடுப்பிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியை எடுத்துக் காட்டினாள். கை துடைக்கும் சானிட்டைசர், சாராயக் களிம்பு. "கொரோனாவே இதுக்குப் பயந்து ஓடுச்சு. இந்தத் தேமல் எம்மாத்திரம்?"

"அதுக்கு இது ஆகாது யூ," என்றாள் வெனிங். "கொரோனாவுக்கு மேல கொழுப்புப் போர்வை. அதைக் கரைச்சுட்டா ஆளு காலி. இதுக்குப் போர்வையே கிடையாது. வெறும் புரத ஓடு, அசையாது. பால்ல இருக்கிற புரதம் போய் அதை மூடிக்கிட்டாத்தான் செடிக்குள்ள நுழைய முடியாம நிக்கும்."

"பேரு ஒண்ணு, குணம் வேற வேற. எங்க நாத்தனாருங்க மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. இந்த வீட்டு நிலத்தில் நின்றுகொண்டு கொரோனா என்று சொல்லியிருக்க வேண்டாம் என்று தார்மிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவளே முதல் ஆளாக வாளியில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டாள்.

வாகிரான் வந்து கையை நனைத்தார். லுங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்றங்காலின் மேல்மூலைக்குப் போய் மலையைப் பார்த்து நின்றார். முதல் நாற்றைத் தொடுமுன் வீட்டுக்காரர் அங்கே நின்று, வீட்டில் இருப்பதிலேயே நல்ல இலையில் ஒன்று சுற்றிப் புகைக்க வேண்டும். அவருடைய அப்பா செய்தார், தாத்தா செய்தார். அவர் மடியிலிருந்து ஜத்மிகோவின் இலை இருந்த பையை எடுத்தார். பழுப்பேறிய விரல்கள் இலையை உதிர்த்தன, பரப்பின, சாம்பிராணியைச் செருகின. தாளின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார். புகை கீழே வந்தது. வெனிங் மூச்சை இழுத்துக்கொண்டாள். இழுத்த பிறகுதான், தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பாபக், இன்னொரு தடவை கை நனைச்சுக்கோங்க," என்று வாளியை நீட்டினாள்.

"ஒரு சுருட்டுக்கு ஒரு முழுக்கா," என்று சிரித்துக்கொண்டே நனைத்தார். கொஞ்ச நேரத்தில் அடுத்ததைச் சுற்றினார். அப்புறம் அவளால் அவர் பின்னாலேயே வாளியோடு திரிய முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

அன்று சாயங்காலம் சோளச் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, சுற்றி வளைத்தாவது சொல்லிவிடுவது என்று தொடங்கினாள்.

"தேமல் செடியில மட்டும் இல்ல பாபக். காய்ஞ்ச இலையிலயும் இருக்கும்."

அவர் மெல்வதை நிறுத்தினார். "எல்லா இலையிலயுமா?"

"நோய் இருந்த பயிரோட இலையில."

"பழைய இலையிலயுமா?"

"எவ்வளவு பழசா இருந்தாலும். அதுக்குப் பசியும் இல்ல, வயசும் இல்ல. சும்மா கிடக்கும்."

"சாப்பிடுற இடத்துல எதுக்கு நோய்ப் பேச்சு," என்றாள் மாமியார். "நிங், இன்னும் ரெண்டு துண்டு பொரிச்ச தெம்பே போட்டுக்கோ. காலையில இருந்து நீ குடிச்சது வெறும் டீ."

வாகிரான் தட்டில் இருந்ததை முடித்தார். கை கழுவினார். வாசலுக்குப் போனார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது, பின்னாலேயே அந்த வாசனை வந்தது. அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று வெனிங்கால் தீர்மானிக்க முடியவில்லை. புரியவில்லை என்றே வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொண்டால், இன்னும் சொல்லவில்லை என்கிற ஒரு குற்றம் மட்டும்தான்.

நட்ட செடிகள் வேர் பிடித்ததும் தேமல் தெரிந்தது. முதலில் அவள்தான் பார்த்தாள். குனிந்து இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தபோது, கல்லூரியில் நுண்ணோக்கிப் படத்தில் பார்த்த அந்தக் குச்சிகள் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்த விறகுபோல உள்ளே நிறைந்திருப்பது அவளுக்குக் கண்ணில் நின்றது. நோய் கண்ட செடிகளைப் பிடுங்கினார்கள். பக்கத்துச் செடிகளில் வந்தது. அவற்றையும் பிடுங்கினார்கள். நுனி கிள்ளும் பருவம் வந்தபோது, பிடுங்குவது என்றால் மொத்த நிலத்தையும் பிடுங்க வேண்டும் என்றாகிவிட்டது. அப்படியே விட்டார்கள்.

அறுவடை தொடங்கியதும் பரக்கானிலிருந்து வியாபாரியின் ஆள் வந்தான். வழக்கமாக இந்த வீட்டில் காபி குடித்து, அரட்டை அடித்து, மதியச் சாப்பாடும் முடித்துவிட்டுப் போகிறவன். மாதிரியை எடுத்து விரலில் கசக்கினான், மோந்தான், இன்னொரு கூடையிலிருந்து எடுத்துக் கசக்கினான்.

"பாக், தப்பா நினைக்காதீங்க. இதுல பிசுக்கே இல்ல. வைக்கோலைக் கசக்குற மாதிரி இருக்கு."

"மேல் வரிசை இலை இன்னும் அறுக்கல," என்றார் வாகிரான்.

"அதையும் வர்ற வழியில பார்த்துட்டுத்தான் வந்தேன்." அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அடுத்த வருஷம் பார்க்கலாம் பாக்." காபி ஆறிக்கொண்டிருந்தது. அவன் தொடவில்லை.

அவன் வண்டிச் சத்தம் கீழே இறங்கி மறைந்த பிறகு வாகிரான் மனைவியிடம், "முட்டைகோஸ் போட மேல்தெரு ஆளு நிலம் கேட்டுட்டிருந்தானே. குத்தகைக்குக் குடுத்துடலாம்," என்றார். கடையில் உப்பு வாங்கச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். இபு முர்சியா முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த தட்டுகளைத் திருப்பிப் போட்டாள். யாருக்கும் வேண்டாத இலையை எதற்குத் திருப்புகிறோம் என்று அவளுக்கே நடுவில் தோன்றியிருக்க வேண்டும். பாதியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செடிகளைப் பிடுங்கி எரிக்கும் வேலைக்கு வெனிங்கும் மாமனாரும்தான் போனார்கள். ஆள் கூப்பிடவில்லை, ஆளுக்கு என்ன வேலை என்று சொல்லிக் கூப்பிடுவது. வரிசை வரிசையாகப் பிடுங்கிக் குவித்தார்கள். பச்சைச் செடி எரிய மாட்டேன் என்றது, வெறும் புகையாகப் புகைந்தது. மத்தியானத்துக்கு மேல் மலையிலிருந்து மூடுபனி இறங்கி, புகை எது பனி எது என்று தெரியாமல் போனது. இரண்டு பேரும் தோட்டத்துக் குடிசையின் மூங்கில் பலகையில் உட்கார்ந்தார்கள்.

வாகிரான் மடியிலிருந்து பையை எடுத்தார். எடுத்தவர் பிரிக்காமல் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"நீ என்கிட்ட ஒண்ணு கேட்கணும்னு நினைச்சிட்டிருக்க நிங். ரொம்ப நாளா."

வெனிங் அவர் தொடைமேல் இருந்த பையைப் பார்த்தாள்.

"அன்னைக்குச் சாப்பிடும்போது சொன்னியே, அப்பவே புரிஞ்சுடுச்சு. நோயைப் பத்திப் பேசின. கண்ணு பரண் மேலயே இருந்துச்சு."

"புரிஞ்சுமா பாபக்?"

"புரிஞ்சும்தான். மறுநாளும் நாத்துப் பிடுங்கினேன். நீ நனைக்கச் சொன்னா நனைச்சேன். அப்புறம் சுத்தினேன்." குவியலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் போனப்புறம் ஒவ்வொரு நாத்தையும் எடுக்கும்போது, அவன் கையும் இதுல இருக்குன்னு நினைச்சுக்குவேன். அந்த இலையை விட்டுட்டா வெறும் என் கை. இந்தக் கையால இத்தனை வருஷம் நட்டிருக்கேன், அதுல என்ன இருக்கு. ஒரு பயிரு போனா போகட்டும்னு நினைச்சேன்."

மொத்தப் பயிரையும் பலி கொடுத்தவர்மீது அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாற்றங்காலில் நின்று தானும் அந்தப் புகைக்காக மூச்சை இழுத்தது நினைவுக்கு வந்தது.

"இப்ப எரிச்சுட்டா போயிடுமா?" என்று கேட்டார். "கூடையை எரிச்சுட்டா. அடுத்த வருஷம் நிலத்தைத் திருப்பி வாங்கிப் போட்டா வருமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் படிப்பை முழுதாக நம்புகிறவர்.

"வராது பாபக். மண்ணுக்குள்ள கிடக்கிற வேர்ல இருக்கு. காயப்போடுற தட்டுல இருக்கு. கொட்டகை மூங்கில்ல, கத்தியில, நம்ம துணியில எல்லாம் இருக்கு. கூடையை எரிச்சா கூடைதான் போகும்."

அவர் தலையாட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் அன்றைக்கு டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டியதுபோலவே.

"உன் படிப்புல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"இல்ல பாபக்."

குவியல் எங்கோ உள்ளே ஒருமுறை வெடித்து அடங்கியது. அவர் பையை எடுத்துப் பலகைமேல் இருவருக்கும் நடுவே வைத்தார். தேய்ந்து கிழிந்த துணிப்பை. வாய் லேசாகப் பிரிந்திருந்தது, ஈரக் காற்றில் வாசனை கனமாக எழுந்தது.

"இருந்தாலும் கேட்டுடு," என்றார். "மனசுல வச்சுக்கிட்டே திரியாத. எரிச்சிடலாம்னுதானே? சொல்லு. கூடையை நானே இறக்கித் தர்றேன். வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

எரிக்கச் சொல்வதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. காப்பாற்ற ஒரு செடி இல்லை. இவ்வளவு காலம் தொண்டையில் மேலே அடைத்துக்கொண்டிருந்தது அதுதான், அது நகர்ந்ததும் அடியில் கிடந்தது மேலே வந்தது. ஏழாம் நாள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு விழுங்கியது. வெனிங் மண் ஒட்டிய இரண்டு கைகளையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினாள்.

"எரிக்க வேண்டாம் பாபக்," என்றாள். "எனக்கும் அதுல ஒரு பிடி குடுங்க."